இருநூறு ரூபாய் வரை

காரைக்காலுக்கு எல்லை என்பது சரக்கு விலையில்தான் தெரியும். வாஞ்சூரில் ஒரு விலை. நாலு எட்டு வைத்து நாகூர்ப் பக்கம் போனால் வேறு விலை. பைக்குள் பாட்டில் இருக்கிறதா என்று துழாவ சோதனைச் சாவடி உண்டு. புகைக்கு அந்தத் தொல்லை இல்லை. டெல்லி 2003இல் போட்ட ஒரே சட்டம்தான் இரு பக்கமும். இரு பக்கமும் ஒற்றுமையாகக் குறட்டை விடுகிறது.

2008 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள் அன்று அந்தச் சட்டத்துக்கு விதிகள் வந்தன. பேருந்து, பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாம் புகைக்கக் கூடாத பொது இடம். குறைந்தது 60க்கு 30 செ.மீ. அளவில் பலகை மாட்ட வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்று பெயரையும் எழுத வேண்டும். புகார் வந்தும் கண்டுகொள்ளாமல் விட்டால், எத்தனை பேர் ஊதினார்களோ அத்தனை அபராதமும் பொறுப்பாளர் தலையில். அடேயப்பா! காகிதத்தில் நாம் சிங்கப்பூர்.

சனிக்கிழமை திருநள்ளாறு பஸ்ஸில் பாருங்கள். நள தீர்த்தத்தில் முழுகிப் பழைய துணியை விட்டவர், பீடிக்கட்டை விடவில்லை. தோஷம் கழித்த கையோடு பஸ் படியருகே நின்று கடைசி இழுப்பு இழுத்து, வாய் நிறையப் புகையோடு ஏறி, உள்ளே வந்து ஊதுகிறார். அவருடைய ஏழரை இப்போது பக்கத்து சீட்டுக்கு. கைக்குழந்தைக்காரி முந்தானையால் பிள்ளை முகத்தை மூடுகிறாள். கேட்டால் பதில் தயார்: "வெளியே நின்னுதானேம்மா அடிச்சேன்?" ஆமாம், நுரையீரலை மட்டும்தான் உள்ளே கொண்டுவந்தார்.

ரயில் இன்னும் நாகரிகம். 1989 ரயில்வே சட்டத்தின் 167ஆம் பிரிவு, சக பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றுதான் ஆரம்பிக்கிறது. மூச்சுத் திணறுகிறவன் முதலில் மனுப் போட வேண்டும்! மீறினால் 100 ரூபாய் வரை.

2003 சட்டம் தாராளம்: 200 ரூபாய் வரை. 'வரை' என்பதைக் கவனியுங்கள். அதிலும் தள்ளுபடிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அடுத்தவர் புகையால் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். செத்தவர்களுக்கு 'வரை' கிடையாது.

பொறுப்பாளர்களே, பலகையில் உங்கள் பெயரை எழுதுங்கள். கூப்பிட்டால் வாருங்கள். வர மனமில்லையா? சம்பளத்திலிருந்து தலைக்கு 200 வரை எடுத்து வையுங்கள். விதி அதைத்தான் சொல்கிறது.