பின்னூட்டப் படிவத்தில் இடம் போதாததால்

அனுப்புநர்: ஓர் இடைநிலை ஆசிரியர், ஈராசிரியர் தொடக்கப் பள்ளி.
பெறுநர்: உயர்திரு பணியிடைப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் அவர்கள்.
பொருள்: பணியிடைப் பயிற்சி – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் வாட்ஸ்அப் செய்தி, பயிற்சிக்கு முந்தைய நாள் இரவு 9.40 மணி.

ஐயா,

பயிற்சி முடிவில் தந்த படிவத்தில் 'மிக நன்று', 'நன்று', 'திருப்தி' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நான்காவது கட்டம் தேவைப்படாது என்ற தங்கள் தன்னம்பிக்கையை வியந்தபடியே 'மிக நன்று' கட்டத்தில் டிக் அடித்தேன். 'பிற கருத்துகள்' என்பதற்கு ஒரே ஒரு கோடு. 'நன்றி' என்று எழுதவே அது சரியாக இருந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருத்தாளரைப் பாராட்ட வேண்டும். விரிவுரை முறை ஏன் பயன் தராது என்பது பற்றிக் காலை 10 மணிக்கு விரிவுரையைத் தொடங்கியவர், சாப்பாட்டு மணி வரை யாரையும் பேசவிடாமல் அதை நிரூபித்துக் காட்டினார். திரையில் வளர்ந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் வந்தார். வளர்ந்தவர்கள் அனுபவத்தோடு கற்க வருகிறார்கள். எதற்காகக் கற்கிறோம் என்று தெரிந்தால்தான் கற்பார்கள். நாளைக் காலை எதிரே வந்து நிற்கப்போகும் சிக்கலுக்குத்தான் அவர்களுக்கு விடை வேண்டும். இதையெல்லாம் அந்த அமெரிக்கர் எப்போதோ புத்தகமாக எழுதிவிட்டார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஆசிரியை ஒருவர் எழுந்து, "சார், எங்க அனுபவத்துல..." என்று ஆரம்பித்தார். "கேள்வியெல்லாம் கடைசியில வெச்சுக்கலாம் மேடம், மொதல்ல இத நோட் பண்ணிக்குங்க" என்றார் கருத்தாளர். நோல்ஸை எல்லோரும் நோட் பண்ணிக்கொண்டோம்.

அவரை நோவானேன்? அவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர்தான். மாநில அளவில் பல நாள் நடக்கும் பயிற்சி மாவட்டத்தில் சுருங்கி, வட்டாரத்துக்கு வரும்போது இன்னும் சுருங்கிவிடுகிறது. நேரம் குறையக் குறைய முதலில் உதிர்வது செய்துகாட்டலும் செய்து பார்த்தலும்தான். கடைசிவரை உதிராமல் எங்களிடம் வந்து சேர்வது பிபிடி.

பிற்பகல் குழுச் செயல்பாடு. ரோஜா, தாமரை, மல்லிகை, முல்லை என்று எங்களைப் பிரித்தார்கள். பேரன் எடுத்த தலைமையாசிரியர் ஒருவர் மழைக் கைதட்டல் தட்டினார். மெல்லக் கற்போரை மேம்படுத்தும் வழிகளைச் சார்ட்டில் எழுதச் சொன்னார்கள். நாங்கள் பார்டர் போட்டு முடிப்பதற்குள் போட்டோ எடுக்க ஆள் வந்துவிட்டது. படத்தில் பார்டர் நன்றாகவே விழுந்திருக்கிறது.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். சாப்பாட்டு இடைவேளையின் நேரம் போதவில்லை.

காலையில் பேச முடியாமல் உட்கார்ந்த அந்த ஆசிரியை, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடன் வாங்கிக் கழித்தலில், 402-இல் 158 போனால் மீதி 356 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவார்கள். அவர் அட்டையில் 100, 10, 1 ரூபாய் நோட்டுகள் செய்து வைத்திருக்கிறாராம். பையன் கையில் நான்கு நூறும் இரண்டு ஒன்றும் இருக்கும். கடைக்காரப் பெண்ணுக்கு 158 கொடுக்க வேண்டும். "சில்லறை இல்ல டீச்சர்" என்று அவனே சொல்லும்வரை இவர் வாயைத் திறப்பதில்லை. நூறை மாற்றிக்கொண்டு வந்தபிறகுதான் கரும்பலகைக்குப் போவாராம். "நடுவுல சைபர் வந்தா எம்பசங்க அப்பவும் தடுமாறுறாங்களே" என்றார் ஒருவர். "ரெண்டு தடவ மாத்த விடுங்க" என்றார் இவர். சோறு காயக் காயப் பேசிக்கொண்டிருந்தோம். யாரும் நோட் எடுக்கவில்லை. ஆனால் மறுவாரமே நானும் அட்டை வெட்ட உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்ததும் தாமரைக் குழுவுக்குப் போனோம்.

ஆகவே, அமர்வுகளை இடைவேளையாகவும் இடைவேளையை அமர்வாகவும் மாற்றி ஆணையிட வேண்டுகிறேன். கூடுதல் செலவு ஏதுமில்லை. போண்டாவும் டீயும் அப்படியே இருக்கலாம்.

பயிற்சியை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளை வகுத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் வந்ததா, அதனால் பலன் விளைந்ததா. நம் படிவம் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் படிக்கு முன்தேர்வு, பின்தேர்வு வைக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே வினாத்தாள் என்பதால் எங்கள் முன்னேற்றம் பிரமாதமாக இருக்கிறது. மூன்றாம் படிக்கு யாராவது வகுப்பறைக்கு வர வேண்டும். வந்தார்கள். பயிற்சிக் கையேடு அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போய்விட்டார்கள். கூடவே நின்று கைகொடுக்க ஆள் இல்லாவிட்டால் பயிற்சியில் கற்றது வகுப்புக்குள் நுழைவது கடினம் என்று புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே எழுதினார்கள். அவர்கள் தங்கள் பிபிடியில் இல்லை. இருந்திருந்தால் அவர்களையும் நோட் பண்ணியிருப்போம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்முறை மேம்பாட்டை எதிர்பார்க்கிறது. மணிக்கணக்கில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த முறை அழைக்கும்போது, தங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வராத ஒரு கணக்கையோ வாசிக்க வராத ஒரு பக்கத்தையோ ஒவ்வொருவரும் எடுத்து வரச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கருத்தாளர் தொடங்கட்டும்.

அந்த அடுத்த பயிற்சி, ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்துவது எப்படி என்பது பற்றியது என்று அறிகிறேன். ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து இரண்டு ஆசிரியர்களும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும் என்று அதற்கு வந்த செய்தியில் உள்ளது. அன்றைக்குப் பள்ளிச் சாவியையும் ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் சத்துணவு அமைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு வரலாமா என்பதைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தாமரைக் குழு உறுப்பினர்