காற்றுக் கங்காணி

உடவத்தகெலே காட்டோரம் குடியிருப்பவனுக்கு உடுப்புக் காயப்போடுவது சூதாட்டம். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழை, கொடி நிறையும் வரை வெயிலைக் காட்டிவிட்டுத்தான் வரும். மழை விட்டுவைத்ததைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். என் பனியன் ஒன்று பலாமர உச்சியில் நாலு நாள் தொங்கியது. அங்கேயும் காயவில்லை.

அதனால்தான் பழைய டிரையர் ஒன்றை வாங்கினேன். 2,500 வொட். ஒரு மணித்தியாலம் ஓடினால் இரண்டரை யூனிட். மனைவி மீட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காராத குறை.

மூன்றாம் மாதம் டிரம் சுற்றியது, சூடு வரவில்லை. மெசின் திருத்தும் பாஸ் வந்தார். விரல் நுனி அளவு தெர்மல் பியூஸ் ஒன்றை மாற்றிவிட்டுப் போனார். சூடு எல்லை மீறினால் தன்னைப் பலிகொடுத்து வீட்டைக் காப்பாற்றும் சாமான் அது. ஒரு தரம் போனால் போனதுதான். இரண்டு கிழமையில் புதியதும் போயிற்று. பாஸ், மெசினே சரியில்லை என்றார். விற்றவரைத் திட்டினேன். மின்சாரத்தைத் திட்டினேன்.

அப்போதுதான் ஹேவாஹெட்டையிலிருந்து மாமா வந்தார். முப்பது வருசம் தேயிலை பக்டரியில் டிரையரோடு நின்றவர். மெசினைத் திறக்கவே இல்லை. பின்னால் குனிந்து பார்த்தார்.

"மாப்புள, காத்து எதுவழியா வெளிய போகுது?"

இடம் மிச்சம்பிடிக்க நான் மெசினைச் சுவரோடு தள்ளியதில், காற்றுக்குழாய் மிதிபட்ட பப்பாளித் தண்டுபோல் கிடந்தது.

"சூடு சும்மா கூலிக்காரன். காத்துதான் கங்காணி. கங்காணிய அறையில பூட்டிட்டு வேலை நடக்கலன்னா எப்புடி?"

கொழுந்தும் அப்படித்தானாம். 90 பாகைக்கு மேல் சூடான காற்று இருபது நிமிசம் போல ஓடினால்தான் ஈரம் மூன்று வீதத்துக்கு இறங்கும். காற்று நின்றால் தூள் கருகும்.

அடுத்து பஞ்சு வலை. அது கழற்றுவதற்குரியது என்பதே எனக்குத் தெரியாது. மாமா உருவியெடுத்த பஞ்சு, குழந்தைத் தலையணை ஒன்றுக்குத் தேறும். பக்கத்தில் நெருப்புப் பொறி விழுந்தால் நம் கதி என்ன என்று அவர் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். வலையைக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் ஒழுகாமல் அப்படியே நின்றது. மனைவி ஊற்றும் வாசனைத் திரவத்தின் படலமாம். சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் அதைத் தீர்த்தன. என் மனம் கொஞ்சம் லேசாயிற்று, குற்றத்தில் பங்காளி கிடைத்ததால்.

குழாயை நிமிர்த்தி யன்னல் வழியே வெளியே விட்டோம். மூன்றாவதாகப் போட்ட பியூஸ் தாக்குப்பிடித்தது. முதல் துவாயை எடுத்துக் கசக்கி, முகர்ந்து, மாமா தீர்ப்புச் சொன்னார்: "தீச்சிட்டீங்க. அஞ்சு நிமிசம் முந்தி எடுத்திருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை எங்களை ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்துக்கு இழுத்துப்போனார். 1925இல் கட்டிய பக்டரி, 2001இல் அருங்காட்சியகமானது. பழைய யந்திரங்கள் நடுவே நின்று, பெல்பாஸ்ட் டேவிட்சன் தன் தேயிலை டிரையருக்குச் சஹாராவின் சுடுகாற்றான சிரொக்கோவின் பேரை வைத்த கதையை, டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் இலவசமாகச் சொன்னார்.

இப்போது ஜனவரிப் பனி. யன்னலுக்கு வெளியே குழாய் வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்மூடி ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் பில் வருகிறது என்கிறாள் மனைவி. பனியனை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.