நூறு சதவீதம் செய்யும் முறை

பம்மல் சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். இன்றிருந்தால் பேனாவையே தொட்டிருக்க மாட்டார். மே மாதத்தில் பம்மல் வழியாகப் போகும் பல்லாவரம்–குன்றத்தூர் சாலையில் நின்றால் போதும், நாடகம் தானாக நடக்கும். கம்பத்துக்குக் கம்பம் பிளெக்ஸ். மேலே தனியார் பள்ளித் தாளாளர், கைகூப்பி, ஆளுயரத்துக்கு. அவர் காலடியில் பாஸ்போர்ட் அளவில் பிள்ளைகள். நடுவே சிவப்பில் ‘100% தேர்ச்சி’. 2017இல் அரசு பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பிளெக்ஸ்காரர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

நூறு வரும் வழி எளிது. ஒன்பதாம் வகுப்பு முடிகிற சமயத்தில் அப்பாவைக் கூப்பிடுவார்கள். உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுப்பார்கள். "பையன் நல்ல பையன்தான் சார். டென்த் பிரஷர் தாங்க மாட்டான். நீங்களே டி.சி. கேட்டு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க. கான்டக்ட் வெரி குட்னு போட்டுத் தரோம்." அப்பா எழுதுவார். யாரும் யாரையும் துரத்தவில்லை, காகிதம் சாட்சி.

ஏன் ஒன்பது? எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஒன்பதில் சட்டம் வீட்டுக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடம் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறது, ஃபீஸ் வாங்கிக்கொண்டுதான்.

டி.சி.யோடு அந்தப் பையன் தெருக்கோடி அரசுப் பள்ளிக்குப் போவான். அங்கே சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த மே மாதம் கணக்கில் அவன் கோட்டை விட்டால், சரிவு அந்தப் பள்ளியின் தலையில். எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் உடனே தீர்ப்பு: "கவர்மென்ட் ஸ்கூல் ரிசல்ட்டைப் பார்த்தீங்களா?" பார்த்தோம். ஒன்பது வருஷம் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மட்டும் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

ஒப்பிடுகிற நம் யோக்கியதையையும் பார்க்கலாம். ஏ.சி. வகுப்பு, வேன், அபாகஸ் எல்லாம் விசாரிப்போம். அரசுப் பள்ளி என்றதும் குரல் தாழும்: "அங்க யார் யாரோ படிப்பாங்களே." அந்த யார் யாரோ யார்? நாகல்கேணித் தோல் கம்பெனிக்குப் போகிறவரின் மகள். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் மகன். பாத்திரத்துக்கு ஆகும், பக்கத்து பெஞ்சுக்கு ஆகாது. கல்வித் தரம் என்று நாகரிகமாகச் சொல்வது இதைத்தான்.

பக்கத்திலிருக்கும் பொதுப்பள்ளியில் எல்லார் பிள்ளையும் சேர்ந்து படிக்கட்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966இலேயே சொன்னது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவே போட்டது. நம் ஊரிலோ அரசுப் பள்ளி வாத்தியார் தம் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றிவிட்டுத்தான் கையெழுத்துப் போட ஓடுகிறார். கடைக்காரரே சாப்பிடாத பலகாரத்தை வாங்கச் சொன்னால் யார் வாங்குவார்கள்?

பிளெக்ஸ் இன்னும் தொங்குகிறது. அட்மிஷன் ஃபாரம் வாங்கப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பரீட்சை எழுதியவர்கள் இத்தனை பேர் சரி, ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்?