கன்ட்ரோலருக்கு வாரண்டி கேட்பது எப்படி?

வீடியோ கேம் கன்ட்ரோலர் வாங்கினால் கூடவே ஒரு வாரண்டியும் வருகிறது. கன்ட்ரோலரைப் பயன்படுத்துவது எப்படி என்று பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்கும். வாரண்டியைப் பயன்படுத்துவது எப்படி என்று இதுவரை யாரும் புத்தகம் போடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அக்கா பையனின் கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை சர்வீஸ் சென்டர் படியேறியவன் நான். மூன்று முறையும் அதே கன்ட்ரோலரோடு இறங்கி வந்தவன். கம்பெனி பெயர் வேண்டாம். வாரண்டி என்று வந்துவிட்டால் எல்லாக் கம்பெனிகளும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்.

முதல் வேலை பில்லைக் காப்பாற்றுவது. கடையில் கிழித்துத் தரும் பில்லில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தெர்மல் காகிதம் அது. வெயில், வியர்வை, பர்ஸ், பிளாஸ்டிக் உறை எதுவுமே அதற்கு ஆகாது. வாரண்டி ஒரு வருடம் ஓடும்; பில்லில் இருக்கும் எழுத்து பல சமயம் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. அக்கா வீட்டுக்காரர் முன்யோசனைக்காரர். ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரிசையில் இந்தப் பில்லையும் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனார். லேமினேஷன் இயந்திரம் சூட்டில் வேலை செய்வது. வெள்ளையாக உள்ளே போன பில் அமாவாசையாக வெளியே வந்தது. இன்றும் அது பீரோவில் இருக்கிறது. தண்ணீரே பட்டாலும் ஒன்றும் ஆகாது, அவ்வளவு பத்திரம்.

ஆகவே கடைப்படி இறங்குவதற்கு முன்பே பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரின் முதுகில் எறும்பு எழுத்தில் ஒரு சீரியல் நம்பர் இருக்கும், அதையும் எடுங்கள். விரல் வியர்வை சரியாகப் படுகிற இடமாகப் பார்த்துத்தான் அதை ஒட்டுவார்கள். அட்டைப் பெட்டியை அக்கா கேட்பாள், வளையல் வைக்க. கொடுக்காதீர்கள்.

அடுத்தது, வாரண்டிச் சீட்டைப் படிப்பது. அதில் முதல் வரியில் கொடுப்பார்கள், மற்ற வரிகளில் வாங்கிக்கொள்வார்கள். உற்பத்தியில் ஏற்பட்ட குறைக்கு மட்டுமே பொறுப்பு. கீழே விழுந்தால் இல்லை, ஈரம் பட்டால் இல்லை, பிரித்துப் பார்த்தால் இல்லை, வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் இல்லை. கடைசியாக, வழக்கமான உபயோகத்தால் வரும் தேய்மானத்துக்கும் இல்லை. அந்தக் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கன்ட்ரோலருக்கு வருகிற தலையாய வியாதிக்கு ஸ்டிக் டிரிஃப்ட் என்று பெயர். நீங்கள் கையை எடுத்த பிறகும் திரையில் வீரன் தானாக இடப்பக்கம் நடப்பான். கட்டைவிரலால் தள்ளுகிறோமே, அந்தக் குமிழுக்கு அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இட வலத்துக்கு, ஒன்று மேல் கீழுக்கு. பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகரக்குமே, அதன் பேரப்பிள்ளைகள். கார்பன் பூசிய தடத்தின் மேல் ஓர் உலோகக் கை உரசிக்கொண்டே போகும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அதை வைத்து நீங்கள் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்று கேம் கணக்குப் போடும். உரச உரசக் கார்பன் தேயும், பொடி சேரும். நடுவில் நிற்கும் குமிழை ஓரத்தில் நிற்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும்.

இந்தப் பாகத்தைச் செய்யும் ஜப்பானிய நிறுவனம் ஆல்ப்ஸ். பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை 2021-இல் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் என்ற ரிப்பேர்க்காரர்கள், அதிலுள்ள பொட்டென்ஷியோமீட்டருக்குக் குறித்திருக்கும் ஆயுள் 20 லட்சம் சுழற்சி என்று எடுத்துக் காட்டினார்கள். கேட்கப் பெரிய எண்தான். கால் ஆஃப் டியூட்டி வார்ஸோன் ஆடினால் 417 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும் என்று அவர்களே கணக்கும் போட்டார்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஆடுகிற பிள்ளைக்கு அது ஏழு மாதம். எங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டு மணி நேரத்தில் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஆக, நாள் கணக்கில் பார்த்தால் வியாதி வாரண்டிக்குள்ளேயே வருகிறது. காரணத்தைப் பார்த்தால் தேய்மானம், வாரண்டிக்கு வெளியே. இந்த இக்கட்டிலிருந்து தப்ப நான் கண்ட ஒரே வழி, வாங்கிய கன்ட்ரோலரில் விளையாடாமல் இருப்பது. பூஜை அறையில் வைக்கலாம். ஆயுத பூஜையன்று எடுத்து வணங்கலாம். சந்தனம் மட்டும் வைக்க வேண்டாம், ஈரம் பட்ட கேஸ் ஆகிவிடும்.

விளையாடித்தான் தீருவேன் என்பவர்கள் சர்வீஸ் சென்டருக்கு வரத் தயாராகுங்கள். போவதற்கு முன் டிரிஃப்டை வீடியோ எடுங்கள். குமிழில் கை இல்லை என்பது தெரிய வேண்டும், திரையில் வீரன் நடப்பதும் தெரிய வேண்டும். ஏன் என்றால், டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குவதுபோல, கவுன்டரைப் பார்த்ததும் டிரிஃப்ட் நின்றுவிடும். உள்ளே இருப்பது தூசியும் பொடியும். பையில் குலுங்கி வந்ததில் அது சற்று இடம் மாறினால் போதும், ஒரு மணி நேரத்துக்குக் குமிழ் பரம சாது.

முதல் முறை போனபோது அதுதான் நடந்தது.

"செக் பண்ணிட்டோம் சார், ஓகேவா இருக்கு."

"வீட்ல நல்லாவே ஓடுதுங்க. நிக்கவே மாட்டேங்குது."

"டெட் ஸோன் ஏத்தி வெச்சு ஆடச் சொல்லுங்க சார், தெரியாது."

டெட் ஸோன் என்பது, குமிழ் கொஞ்சம் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று கேமுக்குச் சொல்லும் செட்டிங். காது கேட்காத தாத்தாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுத் தெருவில் சத்தமே இல்லை என்பது மாதிரி. இரண்டாம் முறை வீடியோவோடு போனேன். ஓரத்தில் ஒரு கீறல் இருப்பதைக் கண்டுபிடித்து, விழுந்த பொருள் என்றார்கள். பையனைத் திரும்பிப் பார்த்தேன். "சோபாவுலதான் மாமா போட்டேன்" என்றான், கவுன்டரில் இருந்தவர் காதில் விழும்படியாக. எனவே இன்னொரு அறிவுரை: கேமில் பெனால்டியில் தோற்றுக் கன்ட்ரோலரை வீசியவர்களைச் சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப் போகாதீர்கள்.

மூன்றாம் முறை போகும்போது வாரண்டி முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இதெல்லாம் நம் ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களுக்குத் தந்துவந்த வாரண்டி 90 நாள். 2019-இல் 180 டாலருக்கு வந்த எலீட் சீரிஸ் 2-க்கும் அதே 90 நாள்தான். வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில் 2020 அக்டோபரில் அதை ஒரு வருடமாக்கினார்கள், முன்பே வாங்கியவர்களுக்கும் சேர்த்து. நின்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்கான் கதை இதைவிட நீளம். கோர்ட்டில் கூட்டு வழக்கு, 2020 ஜூனில் பங்குதாரர்கள் முன்னால் தலைவர் ஃபுருகாவா சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டது, வழக்கு நடப்பதால் மேற்கொண்டு பேச முடியாது என்று அப்போதே சொன்னது எல்லாம் நடந்தது. 2023 மார்ச்சில் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் வாரண்டி முடிந்த ஜாய்கானுக்கும் டிரிஃப்டை இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். சீட்டில் அச்சடித்த நாள்கள் கல்லில் செதுக்கியவை அல்ல. தனி ஆள் கவுன்டரில் நின்று கெஞ்சினால் அவை அசையாது, ஆயிரக்கணக்கில் சேர்ந்து கத்தினால் அசையும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கன்ட்ரோலரும் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வது இந்த வகையில் சுயநலம் ஆகாது.

கையால் குமிழ் கெட்டது என்று சொல்கிறவர்கள், குமிழால் கை கெட்டபோது என்ன செய்தார்கள் தெரியுமா? நின்டெண்டோ 64-க்கு மரியோ பார்ட்டி என்று ஒரு கேம் வந்தது. அதில் சில போட்டிகளில் குமிழை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறீர்கள் என்பதுதான் திறமை. பிள்ளைகள் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையை வைத்து மாவாட்டுகிற வேகத்தில் அரைத்தார்கள். கொப்புளம் வந்தது, தோல் கிழிந்தது. நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தலையிட்டது. 2000-இல் நின்டெண்டோ ஓர் உடன்பாட்டுக்கு வந்து, கேட்கிற வீட்டுக்கு நான்கு வரை கையுறை அனுப்புவதாக ஒப்புக்கொண்டது. கேம் கன்ட்ரோலர் வரலாற்றில் மனிதனின் தேய்மானத்துக்குக் கிடைத்த நஷ்டஈடு என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தேயாத குமிழ் செய்ய முடியாதா என்று பையன் கேட்டான். முடியும். காந்தத்தை வைத்து, உரசாமலே இடத்தை அறியும் ஹால் சென்சார் உண்டு. 1998-இல் வந்த செகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே அது இருந்தது. அப்புறம் ஏன் எல்லாரும் கார்பனுக்கே போனார்கள் என்று கேட்டான். போய்ப் படி என்று சொல்லிவிட்டேன். 2023 ஜனவரியில் சோனி 200 டாலருக்கு டூயல்சென்ஸ் எட்ஜ் என்று ஒன்று கொண்டுவந்தது. அதில் குமிழ்ப் பகுதியை நாமே கழற்றி மாற்றலாம். மாற்றுக் குமிழ் தனியாக 20 டாலர். தேயும் என்று கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைக்காது.

எங்கே வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். "கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா?" என்று கேளுங்கள். "நம்ம வாரண்டிதான் சார், தைரியமா எடுங்க" என்றால் தைரியம் உங்களுடையது, வாரண்டி அவர் கடை இருக்கும் வரை. ஸ்விட்ச் வாங்கியவர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை. நின்டெண்டோ அதை இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை. இங்கே கிடைப்பதெல்லாம் கடல் கடந்து வந்த சரக்கு. லண்டனில் இலவசமாகச் சரியாகும் அதே ஜாய்கான் மயிலாப்பூரில் அநாதை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. பிரச்சினை வந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள், அங்கிருந்து கம்பெனிக்கு எழுத்தில் ஒரு மெயில் போய்ச் சேர்வதற்கே தனி மரியாதை உண்டு. கேம் சென்டர் வைத்து மணிக்கு இவ்வளவு என்று வசூலிப்பவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், வியாபாரத்துக்கு வாங்கியவரைச் சட்டம் பொதுவாக நுகர்வோராக எண்ணுவதில்லை. டூயல்சென்ஸ் இங்கே வந்தபோது விலை 5,990 ரூபாய். அதற்காக எத்தனை நாள் லீவு போடுவீர்கள் என்பதைத்தான் எதிர்த்தரப்பும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நான் லீவு போடவில்லை. பையனை அழைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு மாடிப்படிக்கு அடியில், முழங்கால் இடிக்கும் அளவு இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கன்ட்ரோலரை வாங்கி, குமிழை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, "லெஃப்ட் போயிருக்கு" என்றார். வீடியோ கேட்கவில்லை, பில் கேட்கவில்லை. கீறலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் என்று தடுத்தேன். திருகுக்கு மேல் கம்பெனி முத்திரை இருந்தால் உடைந்துவிடுமே என்ற பழைய பயம். இப்படி முத்திரை உடைந்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டக் கூடாது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-இல் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றும் அதில் உண்டு. அதை அவருக்குச் சொன்னேன்.

"வாரண்டி இருக்கா சார் இதுக்கு?"

"முடிஞ்சிருச்சு."

"அப்புறம் என்ன?"

குமிழ் ஒன்றுக்குப் பதினான்கு கால்கள். ஈயத்தை உருக்கி உறிஞ்சி, பழையதைப் பிடுங்கி, புதியதை உட்கார வைத்து, பதினான்கையும் மறுபடி பற்றவைத்தார். அரை மணி நேரம். டெஸ்ட் பண்ணச் சொல்லிப் பையனிடம் நீட்டினார். வீரன் நின்ற இடத்தில் நின்றான்.

"இதுக்கு எத்தனை நாள் கியாரண்டிண்ணா?" என்றான் பையன்.

"மூணு மாசம். ஏதாவதுன்னா நேரா கொண்டா." கன்ட்ரோலரைத் திருப்பி, மூடியின் இணைப்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். மாதமும் வருடமும் அச்சடித்தது. பேனாவால் அதில் ஒரு கோடு இழுத்தார்.

"இதை மட்டும் கிழிச்சிராதே தம்பி. கிழிஞ்சா நம்ம வாரண்டி போயிரும்."