வைஃபைக்காக கேமரா வாங்கலாமா?

கேள்வி: வைஃபை உள்ள சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்க ஆசை. “கையில்தான் போன் இருக்கிறதே, எதற்குத் தண்டச் செலவு?” என்கிறார் மனைவி. நீங்கள் யார் கட்சி? (ஒரு வாசகர், ஒரகடம்)

பதில்: முக்கால்வாசி உங்கள் மனைவி கட்சி. ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கக் கணக்கின்படி, 2010இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட சிறிய டிஜிட்டல் கேமராக்கள் 10 கோடிக்கும் மேல். 2023இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மீதியை விழுங்கியது போன். அந்தப் போன் உருவாவதும் உங்கள் பக்கத்திலேயேதான். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. அதே ஊர்ப் பக்கம் பாக்ஸ்கான் ஆலையில் 2022இல் ஐபோன் 14 தயாரானது. பகல் வெளிச்சத்தில் குழந்தையை, கோலத்தை, பிறந்தநாள் கேக்கைப் படமெடுக்க இப்போதைய போன்களே தாராளம். தொலைவில் இருப்பது, இருட்டில் அசைவது ஆகிய இரண்டில்தான் போன் திணறுகிறது. உங்கள் ஆசை அந்த இரண்டைச் சேர்ந்தது என்றால் கேமரா வாங்குங்கள். வைஃபைதான் காரணம் என்றால் வேண்டாம்.

கேள்வி: ஏன் வேண்டாம்? எடுத்த கையோடு படம் போனுக்கு வந்துவிடும், உடனே குடும்பக் குரூப்பில் போடலாமே?

பதில்: வரும், ஆனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும். பெரும்பாலான கேமராக்கள் தாங்களே ஒரு வைஃபை வலையை உண்டாக்குகின்றன. போன் அதில் சேர வேண்டும். சேர்ந்ததும் ‘இணைய இணைப்பு இல்லை’ என்று போன் எச்சரிக்கும். கேமரா நிறுவனத்தின் செயலியைப் போனில் திறந்து, படங்களைத் தேர்ந்தெடுத்து, இறக்கி முடித்து, மறுபடி மொபைல் டேட்டாவுக்குத் திரும்பிய பிறகுதான் வாட்ஸ்அப். பத்துப் படத்துக்கு இது பரவாயில்லை. கல்யாண வீடியோ முழுவதையும் இறக்குவதென்றால் பொறுமை போய்விடும். பேட்டரியும் கரையும். சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்புக்கு ஒரு சார்ஜில் சுமார் 260 படம், ரிக்கோ ஜிஆர் மூன்றுக்கு சுமார் 200 என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு. வைஃபை ஓடினால் இந்த எண்கள் இன்னும் குறையும்.

இதைவிடப் பெரிய குறை ஆயுள். கேமராவில் முதலில் மூப்படைவது வைஃபைதான். நிக்கான் கூல்பிக்ஸ் பி1 2005இல் வைஃபையோடு வந்தது. அந்த வைஃபை கணினிக்கும் பிரிண்டருக்கும் படம் அனுப்பத்தான் உதவியது. சாதாரண கேமராவுக்கும் வைஃபை தந்த ஐ-ஃபை மெமரி கார்டுகளைப் பலர் நம்பி வாங்கினார்கள். பழைய கார்டுகளுக்கான சேவையை 2016 செப்டம்பரோடு நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. நல்ல லென்ஸ் பதினைந்து வருடம் கழித்தும் அதே படத்தைத் தரும். செயலியோ, நிறுவனம் கைவிட்ட அன்றே கதை முடிந்தது. சாப்பாட்டோடு வரும் அப்பளம் மாதிரிதான் வைஃபை: இருந்தால் சந்தோஷம், அதற்காக யாரும் மெஸ்ஸைத் தேர்ந்தெடுப்பதில்லை. நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். போன் திரையில் பார்த்துக்கொண்டே தள்ளி நின்று கேமராவை இயக்கலாம். குடும்பப் படத்தில் எப்போதும் காணாமல் போகும் அந்த ஒருவர், படம் எடுப்பவர், இதனால் படத்துக்குள் வருவார். வைஃபையின் மிக நல்ல பயன் அதுதான்.

கேள்வி: இருட்டுக்குத்தான் போனில் நைட் மோட் இருக்கிறதே?

பதில்: நைட் மோட் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத கோபுரத்துக்கு அது அற்புதம். ஸ்ரீபெரும்புதூரில் சித்திரையில் ராமானுஜர் உற்சவத்தின் இரவுப் புறப்பாடோ அசைந்து அசைந்து வருவது. தீவட்டி ஆடும், சுவாமியைச் சுமக்கும் பாதந்தாங்கிகள் நடப்பார்கள், முகங்கள் கலங்கிவிடும். அங்கே ஒரே நொடித்துளியில் நிறைய ஒளி வேண்டும். அதற்குச் சென்சாரின் பரப்பு வேண்டும். ‘ஒரு அங்குலம்’ எனப்படும் சென்சார் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் இருப்பதைப்போலச் சுமார் நான்கு மடங்கு பரப்பு. ஜிஆர் மூன்றின் சென்சார் அதையும்போல மூன்று மடங்கு. தூரத்துக்கும் இதே நியாயம்தான். வேடந்தாங்கலில் ஏரி நடுவே மரத்தில் இருக்கும் நாரையைப் போனில் இழுத்துப் பெரிதாக்கினால் இறகு மாவாகிவிடும். கண்ணாடியால் ஆன ஜூம் அந்த இறகை இறகாகவே காட்டும். ஆனால் கவனியுங்கள்: ஜிஆர் மூன்றில் ஜூமே கிடையாது. இருட்டா, தூரமா என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஆயுத பூஜை அன்று நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குள் கேமராவைக் கொண்டுபோகலாமா?

பதில்: எழுத்தில் அனுமதி இல்லாமல் கூடாது. போன் கேமராவின் மேலேயே கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் ஆலைகள் உண்டு. அங்கே தனிக் கேமரா, அதுவும் படத்தை வெளியே அனுப்பக்கூடியது, கூடுதல் சந்தேகத்தைத்தான் கிளப்பும். வைஃபையை அணைத்து வைத்திருக்கிறேன் என்ற சமாதானம் செக்யூரிட்டியிடம் எடுபடாது. அவர் காப்பது இன்னும் சந்தைக்கு வராத பொருளின் ரகசியத்தை. அதில் தவறும் இல்லை. படத்துக்காக வேலையைப் பணயம் வைக்காதீர்கள்.

ஆக, லென்ஸுக்கும் சென்சாருக்கும் காசு கொடுங்கள். வைஃபைக்கென்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். போனில் செருகும் கார்டு ரீடரையும் ஒரு கூடுதல் பேட்டரியையும் சேர்த்து வாங்கிவிட்டால், செயலி செத்த பிறகும் உங்கள் கேமரா பிழைத்திருக்கும்.