கொக்கி மாட்ட ஓர் இடம்

1992இல் சென்னை அண்ணா சாலைக்கு வேலைக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. அப்போது அந்தச் சாலையில் நாற்பது, ஐம்பது அடி உயரத்தில் நடிகர்களும் தலைவர்களும் கட்அவுட்டாக நின்றார்கள். அந்த முகங்களை வரைந்த ஓவியர்களைப் பற்றி இன்று பலரும் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். அவற்றை மேலே தூக்கிக்கொண்டு போய்க் கட்டியவர்கள் நாங்கள். சாரம் கட்டுகிறவர்கள்.

சவுக்குக் கழி, தேங்காய் நார்க் கயிறு, வெறுங்கால். எங்களிடம் இருந்தது இவ்வளவுதான். கயிற்றை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போடுவோம். ஊறினால்தான் முரண்டு பிடிக்காமல் முடிச்சுக்கு வளையும். பிளைவுட் துண்டு துண்டாக வரும். முதலில் செருப்பு, பிறகு வேட்டி, மார்பு. முகம் கடைசியில், நள்ளிரவுக்கு மேல் ஏறும்.

பயிற்சி என்று யாரும் தரவில்லை. மேஸ்திரி ஒன்றே ஒன்று சொன்னார்: “முடிச்சு போட்டவன்தான்டா மொதல்ல அதுமேல கால வெக்கணும்.” அவரும் அப்படித்தான் ஏறுவார். தான் போட்ட முடிச்சைத் தானே மிதித்துப் பார்த்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார். நான் பெற்ற முதல் பாதுகாப்புப் பாடம் அதுதான். இன்றைய சான்றிதழ் வகுப்புகளில்கூட அவ்வளவு நேர்மையான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

ஆனால் முடிச்சு தாங்கினாலும் மனிதன் வழுக்குவான். ஓர் ஆடி மாதக் காற்றில் என் பக்கத்தில் நின்ற அண்ணன் இருபது அடியிலிருந்து விழுந்தார். அந்த உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டரை நெருங்கும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று தெரிந்தது அவர் போட்ட சத்தம் மட்டும். உயிர் பிழைத்தார், இடுப்பு பிழைக்கவில்லை. ஆட்டோவில் அவரை அனுப்பிவிட்டு, அதே இரவு அதே கழியில் இன்னொருவனை ஏற்றினார்கள். ஏறியது நான்.

2013இல் சிங்கப்பூரில் இருந்தேன். கூடாரம், மேடை, விளம்பரப் பலகை கட்டும் வேலை. அந்த ஆண்டு மே மாதம் அங்கே உயரத்தில் வேலை செய்வதற்கென்றே தனி விதிமுறை அமலுக்கு வந்தது. மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடம் என்றால் எழுத்து அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. எங்களைத் தமிழில் நடந்த ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். இருபது வருடம் ஏறியவனுக்கு என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன்.

பயிற்சியாளர் என்னைவிட இளையவர். ஹார்னஸ் எனும் பாதுகாப்பு பெல்ட்டை எனக்கு மாட்டிவிட்டுக் கேட்டார்: “அண்ணே, கொக்கிய எங்க மாட்டுவீங்க?”

பக்கத்தில் இருந்த கம்பியைக் காட்டினேன்.

“அது ஒரு டன்னுக்கு மேல தாங்குமா? நீங்க நிக்கும்போது எழுபது கிலோதான். விழும்போது அப்படி இல்ல.”

பிறகு பலகையில் கணக்குப் போட்டார். கயிறு ஆறு அடி. அதிர்ச்சி தாங்கும் பட்டை கிழிந்து நீள்வது மூன்றரை அடி. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஐந்து அடி. கீழே மிச்சம் மூன்று அடியாவது வேண்டும். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறத்தாழ பதினெட்டு அடி வெறும் இடம் இருக்க வேண்டும். பன்னிரண்டு அடி மேடையில் காலடிக் கம்பியில் மாட்டினால் பெல்ட் இழுத்துப் பிடிக்கும் முன்பே தரை வந்துவிடும். பிடித்துவிட்டாலும் ஆபத்து தீராது. ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவனுக்கு ரத்தம் கால்களில் தங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் ஏறும் முன்பே, அவனை யார், எதை வைத்து இறக்குவார்கள் என்று முடிவாகியிருக்க வேண்டும். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இடுப்பு போன அந்த அண்ணனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019இல் ஊர் திரும்பினேன். அந்த செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம் பொறியாளர் இறந்தார். ஊரே கொதித்தது. சில மாதம் பேனர்கள் குறைந்தன. கீழே போகிறவர்களின் உயிர் பற்றிப் பேசியது நியாயம். மேலே ஏறுகிறவர்களைப் பற்றி அப்போதும் பேச்சு எழவில்லை. 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை அமைக்கும்போது இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இப்போது நான் ஈவென்ட் குழுக்களுக்கும் பேனர் கட்டும் பையன்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். அன்று எங்களிடம் பெல்ட் இல்லை. இன்று எல்லோரிடமும் இருக்கிறது. ஏறும் முன் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். மேலே போனதும் கொக்கி இடுப்பிலேயே தொங்குகிறது. பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். மாட்ட இடம் இல்லை. சட்டத்தை வெல்டிங் செய்தவர் ஒருவர், நிறுத்தியவர் வேறொருவர், ஃப்ளெக்ஸ் கட்ட வருகிற பையனுக்கு இருவரையும் தெரியாது. முடிச்சு போட்டவன் முதலில் மிதித்த காலம் போய்விட்டது.

காற்றைப் பற்றித்தான் வகுப்பில் அதிக நேரம் பேசுகிறேன். இருபதுக்கு நாற்பது அடி ஃப்ளெக்ஸ் மீது மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் எண்ணூறு கிலோவுக்கு மேல் தள்ளும். ஒரு பையன் கேட்டான்: “ஃப்ளெக்ஸ்ல ஓட்டை போட்டா போதும்ல அண்ணே?” ஓட்டை போட்டாலும் பாரம் கொஞ்சம்தான் குறையும் என்றேன். “அதையும் போட விட மாட்டாங்கண்ணே, தலைவர் மூஞ்சி கிழியும்” என்றான் இன்னொருவன்.

அவர்களை உண்மையில் தள்ளுவது கடிகாரம். மண்டபத்தை இரவு பதினொரு மணிக்குக் கையில் தருகிறார்கள். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. அதற்குள் வளைவு, விளக்கு, எல்இடி திரை எல்லாம் ஏற வேண்டும். காற்று அடிக்கிறது, இப்போது ஏற முடியாது என்று சொல்லும் பையனுக்கு மறுநாள் வேலை இருக்காது. என் வகுப்பால் இதை மாற்ற முடியாது. வேலை கொடுப்பவரால்தான் முடியும்.

கல்யாணத்துக்கோ கடைத் திறப்புக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ ஆள் கூப்பிடுகிறவர்களே, சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்கும் முன், கொக்கியை எங்கே மாட்டுவீர்கள் என்று கேளுங்கள். அந்த இடத்தை அவர்கள் கையால் தொட்டுக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் யாரையும் ஏற்றாதீர்கள்.