வேளக்கார வாசகர்

ஓர் ஆசிரியர் படைத்த கதைமாந்தரை இரவல் வாங்கி, அவர் நிறுத்திய இடத்திலிருந்து இன்னொருவர் கதை வளர்ப்பதை இரசிகப் புனைவு என்பர். தமிழில் இந்த இரவலுக்குப் பெரிதும் ஆளானது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வெளிவந்த அத்தொடர், பலருடைய பிற்காலக் கதியைச் சொல்லாமலே முடிந்துவிட, விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அதைத் தொடர்ந்தார், அவருக்குப் பின்னும் தொடர்ந்தோர் உளர், இன்றும் தொடர்வோர் உளர். இவ்வாறு தொடரத் துணிந்தவர்க்கெல்லாம் நூல் வெளியான ஒரு வாரத்திற்குள் வந்து வாய்ப்பவரே வேளக்கார வாசகர். சோழ மன்னனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்த மெய்காவற் படையினர் வேளக்காரர் எனப்பட்டனர். கதைக்குக் காவல் நிற்கும் இவரோ உயிரைக் கொடுப்பதில்லை, எழுதியவர் உயிரை வாங்குவார்.

பின்னட்டையில் கைபேசி எண்ணை அச்சிட்ட எழுத்தாளர், விடியற்காலையில் இவரது குரலைக் கேட்டே கண்விழிக்க நேரும். “பொன்னியின் செல்வனைப் பதினேழு தடவை படிச்சிருக்கேன் சார்” என்று தொடங்குவாரேயன்றித் தம் பெயரைச் சொல்லமாட்டார். அந்த எண்ணிக்கையே அவருக்குப் பெயரும் பட்டமும் ஆகும்.

இவரது சினத்துக்கு ஒரு விதி உண்டு: சான்று குறையக் குறைய அது கூடும். வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும், ஆதித்த கரிகாலனைக் கொன்றோர் இன்னார் என்பதற்கு உடையார்குடிக் கல்வெட்டும் சான்றாக நிற்கின்றன. இவற்றில் எழுத்தாளர் தவறினால், அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று இவர் பெருந்தன்மையோடு விட்டுவிடுவார். ஆனால் எந்தக் கல்லிலும் செப்பேட்டிலும் இல்லாமல், கல்கியின் மையிலேயே பிறந்த நந்தினியோ பூங்குழலியோ ஒரு வார்த்தை மாற்றிப் பேசிவிட்டால், “நந்தினி அப்படிப் பேசக்கூடியவளா?” என்று, எதிர்வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குப் பரிந்து வருபவரைப் போலக் கொதித்தெழுவார். கொண்டையின் சாய்வில் ஐயம் வந்தாலோ தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களே இவருக்கு மூன்றாம் சான்று; கல்வெட்டு அவற்றோடு முரண்பட்டால் கல்வெட்டின்பாடு திண்டாட்டம்தான்.

புகழ்வது போலப் பழிப்பதை அணியிலக்கணத்தார் வஞ்சப் புகழ்ச்சி என்பர். அதற்கு இவரது அஞ்சலட்டைகளைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. “தங்கள் நூலைப் படித்த பிறகே கல்கியின் அருமை முழுமையாக விளங்கிற்று” என்ற ஒரு வரியைப் பெற்றவர், அது பாராட்டு என்று எண்ணி மனைவியிடம் காட்டிய பின்னரே உட்பொருள் உணர்வார். விசித்திர வகையும் உண்டு. அடுத்த பாகத்தில் ஒரு படைத்தலைவனுக்குத் தம் பேரனின் பெயரை இட்டுவிடும்படி கேட்டு, பையனின் பிறந்தநாளையும் குறித்து அனுப்புவார். காஞ்சியில் புறப்பட்ட குதிரைக்குத் தஞ்சை வந்து சேரும்வரை எந்த அத்தியாயத்திலும் தண்ணீர் காட்டவில்லையே என்று வருந்துவார். இந்தக் குறை மட்டும் நியாயமானது என்றே சொல்லவேண்டும்.

கல்வெட்டில் இல்லாத நந்தினியைச் சேர்த்தவர் கல்கிதாமே, அந்த உரிமை பின்வந்தவர்க்கும் உண்டன்றோ என்று புதிய எழுத்தாளர் வாதாடிப் பார்ப்பதுண்டு. “அவர் கல்கி” என்று இரண்டே சொல்லில் வழக்கு முடிந்துவிடும். கல்கி விட்ட இடத்தில் கை வைக்கலாகாது என்னும் இவர்தம் முன்னோரே, தொடர் முடிந்தபோது அவனுக்கு என்ன ஆயிற்று, இவள் எங்கே போனாள் என்று கல்கியையே துளைத்தெடுத்து, அவர்களுக்கு விடை சொல்லவென்று அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதும்படி செய்தவர்கள் என்பதை நினைவூட்டினாலும் பயனில்லை. பழகிய எழுத்தாளர் ஆகையால் வாதிடுவதில்லை. “தங்கள் மேலான கருத்துக்கு நன்றி” என்று எழுதிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைப்பார். ‘மேலான’ என்பது அங்கே இடக்கரடக்கல், அதாவது சொல்லத் தகாததைத் தகும் சொல்லால் மறைத்தல்.

ஆயினும் இரண்டாம் பதிப்பு வரும்போது அதே எழுத்தாளர் அந்த அஞ்சலட்டைகளை இரகசியமாகத் தேடி எடுக்கிறார். மெய்ப்புத் திருத்துவோர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கும் காலத்தில், அந்த வேலையை வசவோடு சேர்த்து இலவசமாகச் செய்து தருபவர் வேளக்கார வாசகர் ஒருவரே.